பரப்பளவு உண்டு, பரப்பு இல்லை

2025 ஜனவரி 14 அன்று அமெரிக்காவில் உள்ள இரண்டு லைகோ கருவிகளும் ஓர் ஈர்ப்பலையைப் பிடித்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அதிர்வு அது. ஒவ்வொன்றும் சூரியனைப்போல முப்பது மடங்குக்குச் சற்று அதிகமான நிறை கொண்டது. அதுவரை பதிவான அலைகளிலேயே மிகத் தெளிவானதாக அது இருந்ததால், ஆய்வாளர்களால் அதை நுணுக்கமாக அலச முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: மோதலுக்கு முன் இரண்டு கருந்துளைகளின் பரப்பளவையும் கூட்டினால் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், மோதிய பின் மிஞ்சிய ஒற்றைக் கருந்துளையின் பரப்பளவு சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர். கருந்துளையின் பரப்பளவு ஒருபோதும் குறையாது என்று 1971-ல் ஸ்டீவன் ஹாக்கிங் நிறுவிய தேற்றம் அதுவரை இவ்வளவு உறுதியாகச் சோதிக்கப்பட்டதில்லை.

எதன் பரப்பளவு இது? பூமியின் பரப்பளவு என்றால் நிலமும் நீரும். நியூட்ரான் விண்மீனுக்குக்கூடக் கெட்டிப்பட்ட மேலோடு ஒன்று உண்டு. கருந்துளையில் அளக்கப்பட்ட அந்த 4 லட்சம் சதுர கிலோமீட்டரில் ஓர் அணுகூட இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தொடுவதற்கு எதுவும் இல்லாத இடத்துக்கு இயற்பியல் பரப்பளவு சொல்கிறது, வெப்பநிலை சொல்கிறது, மின்தடைகூடச் சொல்கிறது. நிகழ்வு எல்லை என்று நாம் எழுதும் அந்த இடத்தின் இயல்பு என்ன என்று நூறு ஆண்டுகளாக நடந்துவரும் வாதத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்வு எல்லையைப் பொருளாகத் தேடினால் அகப்படாது. அது ஒளிக்கதிர்களால் வரையப்படும் கோடு. அந்தக் கோட்டை வரைந்து முடிப்பது எதிர்காலம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பெயரை 1956-ல் வைத்தவர் வோல்ஃப்காங் ரிண்ட்லர். அப்போது அவர் மனதில் கருந்துளை இல்லை. விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்தில் எந்த நிகழ்வின் ஒளி நம்மை என்றைக்குமே வந்தடையாது என்று கேட்டு, அந்த வரம்புக்கு வைத்த பெயர் அது. மூலச் சொல்லின் நேர்ப்பொருள் தொடுவானம். கடலும் வானமும் தொடுவதாகத் தெரியும் இடத்துக்குப் படகேறிப் போனால் அங்கே கோடு எதுவும் கிடப்பதில்லை, அங்கும் தண்ணீர்தான். நாம் 'எல்லை' என்று எழுதிப் பழகியதால் படிப்பவர் மனதில் வேலியும் சுவரும் எழுந்துவிடுகின்றன. 'நிகழ்வுத் தொடுவானம்' என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் நம் மாணவர்களுக்குப் பாதிச் சிக்கல் குறைந்திருக்கும். இப்போது வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்றுவது கடினம் என்பதால் நானும் எல்லை என்றே எழுதுகிறேன்.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலை முடித்தார். அந்த டிசம்பர் முடிவதற்குள், முதல் உலகப் போரின் ரஷ்ய முனையில் ஜெர்மன் படையில் இருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட், கோள வடிவப் பொருளைச் சுற்றிக் காலவெளி எப்படி வளையும் என்பதற்கு முழு விடை கண்டு அவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மே மாதம் நோயில் இறந்துபோனார். அவர் விடையில் ஒரு தொலைவு துருத்திக்கொண்டு நின்றது. சூரியனின் நிறைக்கு அது சுமார் 3 கிலோமீட்டர். பூமியின் நிறைக்கு சுமார் 9 மில்லிமீட்டர். அந்தத் தொலைவில் சமன்பாட்டின் ஓர் உறுப்பு பூச்சியமாகிறது, மற்றொன்று முடிவிலிக்கு ஓடுகிறது. கணக்கு உடையும் இடத்தில் இயற்கையும் உடைகிறதா? இந்தக் கேள்வியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சிக்கிக் கிடந்தார்கள்.

சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு பூகோள உருண்டையைக் கையில் எடுத்தால் போதும். தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒரே புள்ளியில் குவிகின்றன. தென் துருவத்தில் நிற்பவரின் தீர்க்கரேகை என்ன என்று கேட்டால் விடை கிடையாது. அதற்காக அங்கே பனி பிளந்துவிடவில்லை. நாம் போட்ட கோடுகள்தான் அந்த இடத்தில் உதவாமல் போகின்றன. ஷ்வார்ட்ஸ்சைல்ட் தொலைவில் நடந்ததும் இதுவே. அவர் பயன்படுத்திய நேர அளவு, வெகுதொலைவில் அசையாமல் நிற்பவரின் கடிகாரம். அந்தக் கடிகாரத்தைக்கொண்டு உள்ளே விழுபவரின் பயணத்தை அளக்கப் போனால் அளவுகோல் முறிகிறது.

விடை பலமுறை கைக்கு வந்து நழுவியிருக்கிறது. 1921-லேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் பால் பென்லவேவும் அடுத்த ஆண்டு ஸ்வீடனின் ஆல்வர் குல்ஸ்ட்ராண்டும் அந்தத் தொலைவில் உடையாத அளவுமுறையைக் கண்டார்கள். அதன் பொருள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. 1924-ல் ஆர்தர் எடிங்டனும் அத்தகைய ஒன்றை எழுதிவிட்டு, தான் எதைத் தீர்த்தோம் என்று கவனிக்காமலே கடந்துபோனார். அந்த முறிவு வெறும் கணக்குத் தோற்றம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர், 1933-ல். அதன் பிறகும் 1939-ல் ஐன்ஸ்டைன், அத்தகைய பொருள் இயற்கையில் உருவாக முடியாது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதியிட்ட இதழில் ஓப்பன்ஹைமரும் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும், அழுத்தம் தாங்காத விண்மீன் தன்னுள் சரிந்து வெளியுலகத் தொடர்பை அறுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்றுதான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. அந்தக் கட்டுரையைப் படிக்க உலகத்துக்கு நேரமில்லாமல் போயிற்று.

இந்த வரலாற்றில் எடிங்டன் இரண்டு முறை குறுக்கே வருகிறார் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் 19 வயதில் பம்பாயிலிருந்து கப்பலேறிய சந்திரசேகர், வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று அந்தப் பயணத்திலேயே கணக்கிட்டார். சூரியனைப்போல 1.4 மடங்கு என்று இன்று ஏற்கப்பட்டிருப்பது அந்த வரம்புதான். அதைத் தாண்டினால் சரிவை எது தடுக்கும்? 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அந்த முடிவை எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். விண்மீன் அப்படிச் சரிந்துகொண்டே போனால் ஒளியும் வெளியேற முடியாத நிலை வரும் என்பதை அவர் நன்றாகவே உணர்ந்திருந்தார். உணர்ந்ததால்தான் மறுத்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிவைத்த அளவுமுறைதான் அந்த நிலையைச் சிக்கலின்றிக் கடக்கும் வழி. 1958-ல் டேவிட் ஃபிங்கெல்ஸ்டைன் அதை மறுபடி கண்டெடுத்து, அந்தத் தொலைவில் இருப்பது ஒருவழிச் சவ்வு, உள்ளே போகலாம், திரும்ப முடியாது என்று தெளிவாக எழுதினார். 1960-ல் க்ரூஸ்கலும் செக்கெரஷும் தனித்தனியே முழு வரைபடத்தையும் போட்டு முடித்தார்கள்.

பென்லவேவின் அளவுமுறைக்கு இன்று ஓர் அழகான விளக்கம் உண்டு. வெளி என்பதை ஓர் ஆறாக எண்ணிக்கொள்ளுங்கள். கருந்துளையை நோக்கி அது ஓடுகிறது. நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. ஒளி அந்த ஆற்றில் நீந்தும் மீன். அதன் நீச்சல் வேகம் எப்போதும் மாறாதது, விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆற்றின் வேகம் இதைவிடக் குறைவாக இருக்கும்வரை மீன் எதிர்நீச்சல் போட்டு மேலேறிவிடும். இரண்டும் சமமாகும் இடத்தில் மீன் முழுமூச்சாக நீந்தியும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு உள்ளே எந்தப் பக்கம் தலையைத் திருப்பி நீந்தினாலும் அருவியில் விழவேண்டியதுதான். அந்தச் சமநிலை இடமே நிகழ்வு எல்லை. அங்கே தண்ணீர் தடிப்பதில்லை, நிறம் மாறுவதில்லை, பாறை எதுவும் இல்லை. நீரோடு மிதந்து வரும் மீனுக்கு அந்த இடத்தைக் கடந்தது தெரியக்கூடத் தெரியாது. வில்லியம் அன்ரூ 1981-ல் இந்த ஒப்புமையை நேராகவே எடுத்துக்கொண்டு, ஒலியைவிட வேகமாக ஓடும் திரவத்தில் ஒலிக்கு ஒரு கருந்துளை செய்யலாம் என்று காட்டினார். இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தில் ஜெஃப் ஸ்டெய்ன்ஹாவர் கடுங்குளிரூட்டிய ரூபிடியம் அணுக்களைக்கொண்டு அப்படி ஒன்றை அமைத்தும் காட்டியிருக்கிறார்.

அப்படியானால் எல்லையில் உடல் நார்நாராகக் கிழியும் என்று சொல்கிறார்களே? அது எல்லையின் வேலை அல்ல, நிறையைப் பொறுத்தது. காலுக்கும் தலைக்கும் ஈர்ப்பில் உள்ள வித்தியாசமே இழுத்துக் கிழிக்கிறது. சூரியனைப்போல 10 மடங்கு நிறைகொண்ட கருந்துளையின் எல்லையில், 2 மீட்டர் உயரத்துக்கு அந்த வித்தியாசம் பூமியின் ஈர்ப்பைப்போலச் சுமார் 2 கோடி மடங்கு. எல்லையைத் தொடுவதற்கு வெகுமுன்பே கதை முடிந்துவிடும். நம் பால்வீதியின் நடுவில் 43 லட்சம் சூரிய நிறையோடு இருக்கும் கருந்துளையின் எல்லையில் அதே வித்தியாசம் பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உணரவே முடியாது. எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள 650 கோடி சூரிய நிறைக் கருந்துளையை எடுத்துக்கொண்டால், அந்த நிறையை எல்லைக்குள் அடங்கும் கோளத்தின் கன அளவால் வகுத்துப் பாருங்கள்: நாம் மூச்சுவிடும் காற்றைவிட அடர்த்தி குறைவு. அதனுள் தடையின்றி விழுபவருக்கு எல்லையைக் கடந்த பின்னும் ஏறக்குறைய 12 மணி நேரம் மிச்சம் இருக்கும். பயங்கரம் எல்லாம் நடுவில் இருக்கிறது, எல்லை சாதுவானது.

வெளியே நின்று பார்ப்பவரின் கதை வேறு. விழுபவர் விநாடிக்கு ஒருமுறை டார்ச்சை மினுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லையை நெருங்க நெருங்க அந்த மினுக்கல்கள் தள்ளித் தள்ளி வந்துசேரும். நிறம் சிவந்து, அகச்சிவப்பாகி, ரேடியோ அலையாகி மங்கும். எல்லைக்கு முந்திய கடைசி மினுக்கலுக்குப் பிறகு அடுத்தது வரவே வராது. சோவியத் ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் இதை 'உறைந்த விண்மீன்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரால் விளைந்த தவறான எண்ணம் இன்னும் போகவில்லை: விழுந்தவர் எல்லையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார், ஆகவே கருந்துளைக்குள் எதுவும் போனதே இல்லை என்று படித்தவர்களே வாதிடுகிறார்கள். உறைந்தது அவருடைய பிம்பம். அதுவும் நிலைப்பதில்லை. 10 சூரிய நிறைக் கருந்துளையில் அந்த ஒளி விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மடங்கு மடங்காகக் குறைந்து, கடைசி ஒளித்துகளும் வந்துபோன பின் சுத்த இருட்டு. ஆளே கிளம்பிப் போன பிறகு வந்துசேரும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்று சாதிப்பது போன்றது அந்த வாதம்.

ஆனாலும் வெளியாள் பார்வையை நான் ஒதுக்கவில்லை. வெளியே இருப்பவருக்கு, எல்லைக்கு ஒரு மயிரிழை வெளியே ஒரு கற்பனைச் சவ்வு இருப்பதாக எடுத்துக்கொண்டாலே எல்லாக் கணக்கும் சரியாக வந்துவிடும் என்று 1978 வாக்கில் பிரான்சின் திபோ தாமூர் காட்டினார். அந்தச் சவ்வில் மின்னூட்டம் பரவும், மின்னோட்டம் பாயும். அதன் மின்தடை 377 ஓம். அதற்குத் திரவத்தைப்போலப் பாகுத்தன்மையும் உண்டு. கிப் தார்னும் அவர் கூட்டாளிகளும் 1986-ல் இதை ஒரு முழு நூலாகவே வளர்த்தார்கள். 377 ஓம் என்பது வெற்றிடத்துக்கே உரிய எண். அதாவது அலையை எதிரொலிக்காமல் முழுவதும் விழுங்கிக்கொள்ளும் பரப்புக்கு இருக்கவேண்டிய தடை. எல்லையின் குணமாக நாம் எழுதிவைக்கும் எண், உண்மையில் 'இங்கிருந்து எதுவும் திரும்பி வராது' என்ற ஒரே செய்தியை மின்பொறியியல் மொழியில் சொல்வதுதான். எம்87-இலிருந்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குப் பீய்ச்சும் தாரைக்கு ஆற்றல் தருவது சுழலும் கருந்துளை என்ற 1977-ஆம் ஆண்டு பிளாண்ட்ஃபோர்ட்–ஸ்நாயெக் விளக்கத்தைச் சொல்லும்போது, எல்லையை ஒரு மின்கலம்போல வரைகிறார்கள். படம் பயனுள்ளது. ஆனால் உள்ளேயிருந்து வெளியே எதையும் தள்ள முடியாத ஒன்று எப்படி மின்கலமாகும்? ஆற்றல் பிடுங்கப்படுவது எல்லைக்கு வெளியே, கருந்துளையின் சுழற்சியோடு சேர்ந்து சுழலும்படி காலவெளி இழுக்கப்படும் பகுதியில். இந்த வேறுபாட்டை மறக்காதவரை சவ்வுப் படத்தால் தீங்கில்லை.

இங்கே சி. வி. விஸ்வேஸ்வராவைச் சொல்லாமல் போகக்கூடாது. பின்னாளில் பெங்களூரு நேரு கோளரங்கத்தை உருவாக்கியவர். அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் அவருக்கு எழுந்த கேள்வி எளிமையானது: கருந்துளையை எப்படிப் பார்ப்பது? எதையாவது எறிந்து பார்ப்போம் என்று, கணினியில் ஈர்ப்பலைப் பொட்டலங்களை அதன்மேல் ஏவினார். பொட்டலம் அகலமாக இருந்தபோது விசேஷமாக எதுவும் வரவில்லை. அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, திரும்பி வந்த அலையின் வாலில் தட்டிய மணியைப்போல ஒரு தேய்ந்து அடங்கும் அதிர்வு தெரிந்தது. 1970-ல் அதை வெளியிட்டார். 45 ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பலையின் முடிவில் சுமார் 250 ஹெர்ட்ஸில் அந்த மணி ஒலித்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 4 லட்சம் சதுர கிலோமீட்டரும் இப்படிப்பட்ட மணியோசையின் சுருதியிலிருந்து கணிக்கப்பட்ட நிறை, சுழற்சி ஆகியவற்றால் வந்ததே. எல்லையை யாரும் முழம்போட்டு அளக்கவில்லை.

அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இன்றைய வாதத்தின் கூர்முனை இருக்கிறது. சுழலாத கருந்துளையில், எல்லையைப்போல ஒன்றரை மடங்கு ஆரத்தில் ஒளி வட்டமடிக்க முடியும். மணியோசை பெரும்பாலும் அந்த வட்டத்தின் குணம். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த எம்87 படமும் அப்படியே. அந்தக் கருவட்டம் எல்லை அல்ல; வளைந்த ஒளிப்பாதைகளால் பெருத்துத் தெரியும் நிழல், எல்லையைப்போலச் சுமார் 2.6 மடங்கு. 2022 மே மாதம் வெளியான பால்வீதி மையப் படத்துக்கும் இதே விளக்கம். இந்த இரண்டு சான்றுகளும் எல்லையின் வாசல்வரை நம்மைக் கொண்டுபோகின்றன. ஷ்வார்ட்ஸ்சைல்ட் தொலைவுக்கு ஒரு மயிரிழை வெளியே கெட்டியான பரப்பு ஒன்று இருந்தாலும் ஏறக்குறைய இதே ஓசையும் இதே நிழலும் கிடைத்திருக்கும். மஸூரும் மொட்டோலாவும் 2001-ல் முன்வைத்த 'கிராவஸ்டார்' அப்படிப்பட்ட ஒரு மாற்றுப் பொருள்.

எல்லை இருப்பதற்கு எனக்கு மிக நெருக்கமாகப் படும் சான்று வேறு. அது நடக்காத ஒன்றைக் கவனித்ததில் கிடைத்தது. இரட்டை விண்மீன்களில் ஒன்று நியூட்ரான் விண்மீனாக இருந்தால், துணையிடமிருந்து உருவிய வாயு அதன் மேலோட்டில் படிந்து குவியும். போதுமான அளவு சேர்ந்ததும் அணுக்கரு வினையில் திடீரென வெடித்து, சில விநாடிகள் எக்ஸ்கதிரில் பளீரிடும். பிறகு மறுபடி படியும், மறுபடி வெடிக்கும். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்கும் ஒரு பாத்திரம் வேண்டுமே. நிறையை வைத்துக் கருந்துளை என்று கருதப்படும் இரட்டைகளில் அதே வாயு, அதே வட்டு, அதே வேகம். இந்த வெடிப்பு மட்டும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று இன்று ஹார்வர்டில் இருக்கும் ரமேஷ் நாராயணும் ஜெரமி ஹெய்லும் 2002-ல் இதைக் கணக்கிட்டு, படிவதற்குப் பரப்பு இருந்தால் வெடித்தே ஆகவேண்டும் என்று காட்டினார்கள். அதற்கு முன்பே நாராயணின் குழு இன்னொன்றைக் கவனித்திருந்தது: வாயு வரத்து குறைந்து அடங்கியிருக்கும் காலத்தில், ஒத்த நியூட்ரான் விண்மீன் இரட்டைகளைவிடக் கருந்துளை இரட்டைகள் எக்ஸ்கதிரில் மிகவும் மங்கலாக இருக்கின்றன. பரப்பில் மோதினால் வெப்பம் வெளிப்பட்டாகவேண்டும். அந்த வெப்பத்தைக் காணோம் என்றால், அதைச் சுமந்துகொண்டே வாயு எங்கோ போய்விட்டது.

மறுப்பு உடனே வந்தது. அப்ரமோவிச், குளூஸ்னியாக், லசோட்டா மூவரும் அதே 2002-ல், நிகழ்வு எல்லைக்கு வானியல் நிரூபணம் என்பது கொள்கையளவிலேயே கிடையாது என்று எழுதினார்கள். பரப்பு எல்லைக்கு மிக மிக அருகே இருந்தால் அதன் ஒளி எவ்வளவு வேண்டுமானாலும் சிவந்து மங்கலாம். 'இருட்டாக இருக்கிறது' என்பதிலிருந்து 'பரப்பு இல்லை' என்று தாவ முடியாது என்பது அவர்கள் வாதம். இந்த எச்சரிக்கை தர்க்கப்படி சரி. ஆனால் பால்வீதி மையத்தில் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கவேண்டும். அங்கே வாயு கோடிக்கணக்கான ஆண்டுகளாக விழுந்துகொண்டிருக்கிறது. பரப்பு இருந்தால் அது சூடேறி, வரவும் செலவும் சமமாகி, இப்போது அகச்சிவப்பில் ஒளிரவேண்டும். பிராடெரிக், லோப், நாராயண் 2009-ல் போட்ட கணக்கும் பிந்திய கணக்குகளும், அப்படி ஒளிரக்கூடிய அளவுக்கு வெகு கீழேதான் அங்கே தெரியும் ஒளி இருக்கிறது என்று சொல்கின்றன. இதற்கும் ஒரு பதில் உண்டு: எல்லையை ஒட்டிய பரப்பிலிருந்து கிளம்பும் ஒளி வளைந்து வளைந்து பரப்பிலேயே விழும், தப்பிக்கும் வழி ஊசித்துளை அளவுதான், ஆகவே சமநிலைக்கு வரவே வெகுகாலம் பிடிக்கும். சரி. ஒவ்வொரு பதிலும் அந்தக் கற்பனைப் பரப்பை எல்லைக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது என்பதே என் கவனிப்பு. பரப்பு இருந்தால் மணியோசைக்குப் பின் எதிரொலி வரவேண்டும் என்றும் ஒரு வழி சொன்னார்கள். 2016-ல் எதிரொலி கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. பிறகு நடந்த தேடல்களில் அது உறுதிப்படவில்லை.

குவாண்டம் இயற்பியல் உள்ளே நுழைந்ததும் எல்லை இன்னும் விநோதமாகிறது. 1972-ல் யாக்கோப் பெக்கன்ஸ்டைன், கருந்துளையின் பரப்பளவு அதன் என்ட்ரோபி, அதாவது உள்ளே மறைந்த தகவலின் அளவு, என்று துணிந்து சொன்னார். ஹாக்கிங் முதலில் எரிச்சலுற்று அதைப் பொய்யாக்கக் கணக்குப் போடப் போய், 1974-ல் கருந்துளை வெப்பக் கதிர்வீசும் என்ற முடிவில் வந்து நின்றார். சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் சுமார் அரைப்பங்கிலிருந்து முக்கால் பங்குக்குள் அடங்கும். அதன் என்ட்ரோபி 1-ஐத் தொடர்ந்து 77 பூச்சியங்கள் போட்ட எண். இத்தனை தகவல் ஒரு பொருளின் கன அளவில் அடங்காமல் அதன் பரப்பளவில் அடங்குகிறது என்பதுதான் எல்லையைப் பற்றி நாம் அறிந்தவற்றிலேயே ஆழமானது என்று நினைக்கிறேன். பரப்பே இல்லாத இடத்தில் எதை எண்ணி இந்த 77 பூச்சியங்கள் வருகின்றன?

ஹாக்கிங் கதிர்வீச்சை விளக்க ஒரு படம் ஊரெல்லாம் சுற்றுகிறது: எல்லை ஓரத்தில் துகளும் எதிர்த்துகளும் சோடியாகத் தோன்றுகின்றன, ஒன்று உள்ளே விழுகிறது, ஒன்று தப்புகிறது. அந்தப் படத்தைக் கைவிடுவது நல்லது. அந்தக் கதிர்வீச்சின் வழக்கமான அலைநீளம் கருந்துளையின் விட்டத்தைவிடவே பல மடங்கு பெரிது. தன்னைவிடப் பெரிய அலையை 'எல்லையின் இந்தப் புள்ளியில் பிறந்தது' என்று விரல்வைத்துக் காட்ட முடியாது. கதிர்வீச்சு அங்குள்ள எதுவோ எரிவதால் வருவதல்ல. காலவெளியின் மொத்த வடிவத்தால் வருவது. ராக்கெட்டில் பூமி ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் ஓயாமல் போகிறவருக்கும் ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு பின்னால் ஓர் எல்லை உருவாகும். அதற்கும் ஒரு வெப்பநிலை உண்டு என்று அன்ரூ 1976-ல் காட்டினார். எஞ்சினை அணைத்ததும் எல்லையும் போய்விடும், வெப்பமும் போய்விடும்.

எல்லையில் எதுவும் எரியவில்லை என்ற இந்த நிம்மதியை 2012-ல் ஒரு கட்டுரை குலைத்தது. கதிர்வீச்சோடு தகவலும் வெளியேறியாகவேண்டும் என்றால், பாதி ஆவியான கருந்துளையின் எல்லையில் வெற்றிடம் வெற்றிடமாக இருக்க முடியாது, விழுபவரை எரிக்கும் தீச்சுவர் இருக்கவேண்டும் என்று அல்மெய்ரி, மரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி நால்வரும் வாதிட்டார்கள். சமீர் மாத்தூர் அதற்கு முன்பிருந்தே, எல்லை என்ற ஒன்றே கிடையாது, அங்கே இழைகள் பின்னிய பந்து ஒன்று முடிகிறது என்று சொல்லிவந்தார். 2019-க்குப் பின் வந்த கணக்குகள் கதிர்வீச்சின் என்ட்ரோபி தகவல் தப்பிப் போவதற்கு ஏற்பவே கூடிக் குறைகிறது என்று காட்டியிருக்கின்றன. ஆனால் விழுபவர் அந்த இடத்தில் எதைச் சந்திப்பார் என்று அவை இன்னும் சொல்லவில்லை. சோதனையால் தீர்க்கவும் வழியில்லை. பார்த்தவர் திரும்பி வந்து சொல்ல முடியாது. எனக்கு ஒரு சாய்வு உண்டு. பல கோடி கிலோமீட்டர் அகலமும் காற்றைவிடக் குறைந்த அடர்த்தியும் கொண்ட இடத்தில், வளைவு ஏறக்குறைய பூச்சியமாக இருக்கும்போது, முன்னறிவிப்பின்றி ஒரு தீச்சுவர் எழும் என்பதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். அந்த வலு இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியாக, நான் தொடக்கத்தில் சொன்ன எதிர்காலத்துக்கு வருகிறேன். நிகழ்வு எல்லையின் கறாரான வரையறை இது: எந்த இடங்களிலிருந்து கிளம்பும் ஒளி என்றென்றைக்கும் வெளியே போய்ச்சேராதோ, அந்த இடங்களின் வரம்பு. 'என்றென்றைக்கும்' என்ற சொல் சும்மா வரவில்லை. பிரம்மாண்டமான ஒரு நிறைக்கூடு எல்லாத் திசையிலிருந்தும் நம்மை நோக்கிச் சுருங்கி வந்துகொண்டிருப்பதாக எண்ணுங்கள். கூட்டுக்குள் ஈர்ப்பு இல்லை, எல்லாம் அமைதி. ஆனாலும் கூடு வந்து சேர்வதற்கு முன்பே, நம் நடுவில் ஒரு புள்ளியில் நிகழ்வு எல்லை பிறந்து ஒளிவேகத்தில் விரியத் தொடங்கிவிடும். அது நம்மைக் கடந்துபோகும். எந்தக் கருவியும் அதைக் காட்டாது. கூடு எல்லையைத் தொடும்போதுதான் இரண்டும் சந்திக்கும். நாளை விழப்போகும் பொருளுக்காக எல்லை இன்றே விலகிக் கொடுக்கிறது. காரணத்துக்கு முன் விளைவு வருவதுபோலத் தோன்றும் இது மந்திரம் அல்ல; வரையறையே எதிர்காலத்தைக் கேட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

உள்ளூரிலேயே, இந்த நொடியிலேயே சோதிக்கக்கூடிய வேறொரு குறி இருக்கிறது. கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-ல் எழுதிய சமன்பாடு, கதிர்க்கற்றை எப்போது குவியும் என்று சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ரோஜர் பென்ரோஸ் 1965-ல் சிறைப்பட்ட பரப்பு என்பதை வரையறுத்தார்: எதிலிருந்து வெளிப்பக்கம் ஏவிய ஒளியும் சுருங்குகிறதோ அது. அத்தகைய பரப்புகள் முடியும் வரம்பே தோற்ற எல்லை. அபய் அஷ்தேகரும் பத்ரி கிருஷ்ணனும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த வரம்பு வளரும்போது எவ்வளவு ஆற்றல் உள்ளே போனது என்று நேருக்கு நேர் கணக்கு எழுதும் முறையை வகுத்தார்கள். 2014-ல் ஹாக்கிங்கே, நிஜத்தில் இருப்பது தோற்ற எல்லை மட்டும்தான், நிகழ்வு எல்லை என்று ஒன்று இல்லை என்று எழுதினார். சூரிய நிறைக் கருந்துளை ஆவியாகி முடிய 1-க்குப் பின் 67 பூச்சியங்கள் போட்ட ஆண்டுகள் ஆகும் என்பதால், அவர் சொன்னது சரியா என்பது அதுவரை காத்திருக்கும் கேள்வி.

மோதும் கருந்துளைகளைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டோடு தினமும் வாழ்கிறார்கள். கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கணத்திலும் அவர்கள் தேடிப் பிடிப்பது தோற்ற எல்லையை. நிகழ்வு எல்லை எங்கே இருந்தது என்று அந்த நேரத்தில் கணினிக்கும் தெரியாது. மோதல் முடிந்து, மணியோசை அடங்கி, மிஞ்சிய கருந்துளை அசையாமல் நின்ற பிறகு, அதன் விளிம்பிலிருந்து ஒளிக்கதிர்களைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். கதிர்கள் பின்னே போகப் போக ஒன்று இரண்டாகப் பிரிந்து, கால்சட்டைபோல ஒரு வடிவம் திரையில் எழுகிறது. அதுதான் நிகழ்வு எல்லை. அதை வரைய, கதை முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.